ஆயிரம் தாழிக்குள் ஒன்று

சிவசைலம் பிள்ளை முதுமக்கள் தாழிக்குள் விழுந்ததற்கு அவருடைய இங்கிலீஷ்தான் காரணம்.

பழங்காலத்து ஜனங்கள் செத்தவரை எப்படிக் குந்த வைத்தார்கள் என்று வெள்ளைக்காரர் நால்வருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குந்துவதற்கு இங்கிலீஷில் என்ன என்பது அந்த நேரம் பார்த்து நாக்குக்கு வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறியவருக்கு இப்படி நேர்வதுண்டு. வார்த்தை வராத இடத்தில் உடம்பைக் கொடுத்துச் சமாளிப்பது அவர் வழக்கம். வேட்டியை மடித்துக் கட்டினார், குந்தினார், முழங்காலைக் கைகளால் கோத்து, மோவாயைக் கவிழ்த்து, கண்ணை மூடிச் செத்தும் காட்டினார். தத்ரூபமாக இருக்கட்டும் என்று அரை அடி பின்னால் நகர்ந்தார். பின்னால் குழி. குழிக்குள் தாழி.

அவரிடம் எட்டு வருஷமாகக் கூலிக்குத் தோண்டும் பலவேசமும் அவன் பெண்சாதி உலகம்மாளும் நாலு நாளாகக் கரண்டியாலும் ஈர்க்குமாறாலும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, கழுத்தில் ஒரு கீறல் விழாமல் வெளியே எடுத்து, பனையோலை போட்டு மூடி வைத்திருந்த தாழி அது. மூவாயிரம் வருஷத்து மழையைத் தாங்கியிருந்தது. வெள்ளத்தைத் தாங்கியிருந்தது. மேலே மேய்ந்த ஆடுமாடுகளைத் தாங்கியிருந்தது. மூன்று வேளையும் நெய்விட்டுச் சாப்பிடும் ஒரு சைவப்பிள்ளையைத் தாங்கவில்லை.

அவரைத் தூக்கி எடுத்தபோது வேட்டியெல்லாம் செம்மண்ணும் எலும்புப் பொடியுமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. அவர் சம்சாரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி போட்ட துரைசானி, பெட்டிக் காமிராவை முக்காலியில் மாட்டிக்கொண்டிருந்தவள், இதைப் படம் பிடிக்காமல் போனோமே என்று வருந்தினாள். நான்காவது ஆளான டாக்டர் துரை மட்டும் சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்கினார். ஓட்டாஞ்சல்லிகளைப் புரட்டினார். நொறுங்கிக் கிடந்த மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துச் சிவசைலத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். முழு மண்டை ஒன்று, முழுப் பானை ஒன்று. அதற்காகவே சீமையிலிருந்து வந்தவர் அவர். நாளைக் காலையில் கொற்கை பார்த்துவிட்டுத் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும்.

"இன்றைக்குள் வேறொன்று" என்றார் டாக்டர் துரை. அதற்குப் பெரிய இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

வால்வெள்ளி வந்துபோன வருஷத்து மார்கழி அது. ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் சர்க்கார் தோண்டிய காலத்தில், கிடைத்த சாமான்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் உத்தியோகம் சிவசைலத்துக்கு வாய்த்திருந்தது. தோண்டி முடித்துச் சர்க்கார் போய்விட்டது. இவருக்குப் பிடித்த பித்து போகவில்லை. மருதூர்க் கால் பாசனத்தில் பாட்டனார் வைத்திருந்த வயலெல்லாம் கோர்ட்டில் கரைந்த பிறகு, வேறு செய்வதற்கு வேலையும் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரும் வெள்ளைக்காரர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, பாளையங்கோட்டையில் வண்டியேற்றி, கிருஷ்ணாபுரத்துச் சிலை, பறம்புத் தாழி, கொற்கைக் கடலோரம் என்று மூன்று நாள் சுற்றிக் காட்டினார். ஆதிச்சநல்லூரில் கைவைக்கச் சர்க்கார் விடாது. அதற்குத் தெற்கே யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத ஒரு பொட்டல் இருந்தது. உடைமரமும் சரளைக்கல்லுமான மேடு. ஊர்க்காரர்கள் தாழிப்பறம்பு என்பார்கள். கடப்பாரையால் தட்டினால் 'தொம்' என்று கேட்கும் இடத்தில் தாழி இருக்கும்.

அவருடைய சரக்கில் பெரும்பகுதி கதைதான். அந்தக் காலத்தில் கிழடுகளுக்குச் சாவே வராதாம். வயசாக வயசாகக் குறுகி, பூனைக்குட்டி அளவாகி, விளக்கு மாடத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளை ஏசிக்கொண்டிருக்குமாம். ஏச்சுப் பொறுக்காமல் பானைக்குள் வைத்து மூடிவிட்டார்களாம். இந்தக் கதைக்கு வெள்ளைக்காரர்கள் தவறாமல் சிரிப்பார்கள். சிரிப்பு வந்த கதையைச் சிவசைலம் மறக்கமாட்டார். வராத கதையை மறுபடி சொல்லமாட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் ஊருக்குள் வண்டி வரும்போது புதிதாக ஒரு கதைக்குச் சிரிப்பு கிடைத்திருந்தது. ஒரு குடியானவன் வீட்டு வாசற்படியில் புதுக் கல் பாவி மஞ்சள் பூசியிருந்ததைக் கண்ணாடி துரைசானி பார்த்துவிட்டு, அது என்ன என்றாள். சிவசைலம் வண்டியை நிறுத்தச் சொன்னார். தலைச்சன் பிள்ளை, அதாவது முதல் பிள்ளை, சின்னதிலேயே செத்துப்போனால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். மந்திரவாதி தோண்டித் தலையைத் திருகிக்கொண்டு போய் மை காய்ச்சுவான். தலைச்சன் தலை அவன் கைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அடுத்த பிள்ளை தங்காது. ஆகவே தாயும் தகப்பனும் வாசற்படிக்குக் கீழேயே புதைத்து, யாரிடமும் வாய்திறக்காமல், காலம் முழுக்க அதன்மேலேயே நடந்து காவல் காப்பார்கள் என்று சொன்னார். சொன்னது போதாதென்று மந்திரவாதியாக நடித்தார். பூனைபோல அடிவைத்து வந்து, மண்ணைப் பிறாண்டி, இல்லாத ஒரு கழுத்தைத் திருகி, இல்லாத ஒரு தலையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினார். தோட்டத்துத் துரை வண்டித்தட்டில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வண்டிக்குப் பின்னால் துரைமாருக்குக் குடிதண்ணீர்க் குடம் சுமந்து உலகம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த நாடகத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லை.

இப்போது மணி பத்து. சிவசைலம் கடப்பாரையைப் பலவேசம் கையில் கொடுத்துப் பறம்பு முழுக்கத் தட்டச் சொன்னார். மேற்கே தட்டினான், சரளை. நடுவில் தட்டினான்; ஒரு தாழி தட்டுப்பட்டது, கழுத்தோடு அமுங்கிச் சப்பிக் கிடந்தது. வெயில் ஏறியது. ஆற்றுப் பக்கத்திலிருந்து பிசான நெல்லின் பச்சை வாசனை காற்றில் வந்து வந்து போயிற்று. டாக்டர் துரை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கிழக்கு ஓரத்தில், ஒற்றை உடைமரத்துக்கு அடியில் மட்டும் பலவேசம் தட்டவில்லை என்பதைச் சிவசைலம் கவனித்தார். இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"அங்கன தட்டுலே" என்றார்.

"அங்கன வேண்டாம் எசமான்."

"ஏன்?"

"பாம்புப் புத்து இருக்கு."

"புத்து எங்க இருக்கு? எனக்குக் கண்ணு தெரியலியா?"

"உள்ளோடி இருக்கும் எசமான்."

சிவசைலம் உலகம்மாளைப் பார்த்தார். அவள் மண்கூடையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றாள். கூடைக்கும் வயிற்றுக்கும் இடுப்பில் இடம் போதவில்லை.

"நீ சொல்லு. அங்கன என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணும் இருக்காது எசமான். வடக்க பாத்தா பெருசாக் கெடைக்கும்."

"வடக்க பாத்து எடுக்க எத்தன நாளாவும்?"

"நாலு நாளு."

"துரை நாளைக்கே போறாரு."

"அப்பம் அடுத்த வருசம் வரச் சொல்லுங்க."

இது சிவசைலத்துக்கு வேடிக்கையாகப் பட்டது. டாக்டர் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். தோட்டத்துத் துரையும் சம்சாரமும் சிரித்தார்கள். இந்தத் தடவை டாக்டர் துரைகூட உதட்டைக் கொஞ்சம் அசைத்தார். காலையில் தாழியோடு உடைந்துபோன மரியாதையில் ஒரு சல்லி திரும்பக் கிடைத்த சந்தோஷம் சிவசைலத்துக்கு. அந்தச் சந்தோஷத்தில் அவரே கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு உடைமரத்தடிக்குப் போனார். அவர் கைக்குக் கடப்பாரை பழக்கமில்லை. தாறுமாறாக ஒரு குத்துக் குத்தினார். 'தொம்' என்றது. மண்ணும் பக்கத்து மண்ணைப்போல இறுகியிருக்கவில்லை. பொதுபொதுவென்று கடப்பாரையை வாங்கிக்கொண்டது. அதிர்ஷ்டம் என்று நினைத்தார். இரண்டாவது குத்துக்குக் கடப்பாரையைத் தலைக்குமேல் ஓங்கினார்.

பலவேசம் ஓடிவந்து ஓங்கிய கையைப் பிடித்தான். எசமானின் கையை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

"குடுங்க எசமான். ஒடஞ்சுரும். நானே பைய எடுக்கேன்."

விசுவாசம் என்று சிவசைலம் நினைத்தார். அதையும் துரைமாருக்கு மொழிபெயர்த்தார்.

பலவேசம் கடப்பாரையைத் தூர வைத்துவிட்டு மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினான். கரண்டியைக்கூட எடுக்கவில்லை. ஒரு முழம் போனதும் தட்டைக்கல் வந்தது. கல்லுக்குக் கீழே கருப்பும் சிவப்புமான சின்னப் பானை, பறம்பில் கிடைக்கும் பழைய பானைதான், மூன்று மரக்கால் அளவு. நாலு நாள் வேலையை அரை நாழிகையில் முடித்திருந்தான். அவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கேட்கச் சிவசைலத்துக்குத் தோன்றவில்லை. பானையைத் தூக்கி வெளியே வைக்கும்போது பலவேசத்தின் வாய் என்னவோ முணுமுணுத்தது. குலதெய்வத்தைக் கும்பிடுகிறான் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார் நமது பிள்ளை. விளக்கம் சொல்வதில் மட்டும் அவருக்குக் குறையே வராது.

டாக்டர் துரை கையை விட்டு எடுத்தார். உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரிதாக, இளமஞ்சளாக, ஒரு சின்ன மண்டையோடு. கீழ்வாயில் அரிசி அரிசியாக நாலு பல். டாக்டர் துரை மற்ற எலும்புகளைத் துணியில் முடிந்து வைத்துவிட்டு, மண்டையை இடுக்கி வைத்து அளந்தார். ஒன்றரை வயசுக் குழந்தை என்றார், அது சரி. மூவாயிரம் வருஷம் என்றார். சின்னப் பிள்ளையின் எலும்பு அத்தனை வருஷம் இப்படி முழுசாகக் கிடைப்பது இந்தப் பறம்பின் அதிசயம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பட்டாளத்தில் அவர் குதிரைகளுக்கு டாக்டராக இருந்தவர் என்பது சிவசைலத்துக்குப் பிற்பாடு தெரியவந்தது.

கண்ணாடி துரைசானிக்கு ஒரு யோசனை. பழைய ஜனத்தின் மண்டையை இந்தக் காலத்து ஜனம் ஒன்று கையில் ஏந்தி நிற்கிற மாதிரி ஒரு படம். அந்த வேலைக்காரியை நிற்கச் சொல்ல முடியுமா? வயிற்றோடு நின்றால் இன்னும் பொருத்தம். ஆதியும் அந்தமும்.

சிவசைலம் உலகம்மாளைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். பலவேசம் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"ஒன் பாட்டன் பூட்டன்னு வச்சுக்கயேன். ரெண்டு கையிலயும் ஏந்திட்டு அந்தப் பெட்டியப் பாத்து நில்லு. ஒண்ணும் செய்யாது. பயப்படாத."

"பயமில்ல எசமான்" என்றாள்.

டாக்டர் துரை மண்டையோட்டை அவள் கையில் வைத்தார். துரைசானி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். சூரியன் மேகத்துக்குள் போய்விட்டதால் கூடுதல் நேரம் நிற்க வேண்டுமாம். "அசையாத, மூச்சுவிடாத, கண்ணச் சிமிட்டாத" என்று சிவசைலம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று முதல் பத்துவரை உரக்க எண்ணினார். ஏழில் ஈ ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அவள் அசையவில்லை. இதுவரை படம்பிடித்த நேட்டிவ்களில் இவ்வளவு நன்றாக நின்றவர் யாருமில்லை என்றாள் துரைசானி.

பிறகு சாப்பாட்டு நேரம். துரைமார் உடைமர நிழலில் ரொட்டியும் இறைச்சியும் தின்றார்கள். சிவசைலம் தள்ளி உட்கார்ந்து, பெண்சாதி பிரம்மநாயகி வாழைச்சருகில் கட்டிக்கொடுத்த புளியோதரையையும் கானத்துவையலையும் வயிறு நிறையச் சாப்பிட்டார். பலவேசமும் உலகம்மாளும் கஞ்சிக்கலயத்தைத் திறக்கவில்லை. காலியான குழிக்குப் பக்கத்தில், குழிக்கு முதுகைக் காட்டி, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் பானையை வைக்கோலில் பொதிவதற்காக உள்ளே மிச்சமிருந்த மண்ணைச் சிவசைலம் கொட்டினார். மண்ணோடு ஒரு கருவளை விழுந்தது. குழந்தைக் கைக்குப் போடுகிற கருப்புக் கண்ணாடி வளை. மேலே மஞ்சள் புள்ளி. ஸ்ரீவைகுண்டம் தேர்க்கடையில் கோத்துத் தொங்கவிட்டு விற்பது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்த ராஜாவும் அதை வாங்கியிருக்க முடியாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பலவேசம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்னலே?"

"என்னமோ எசமான்."

டாக்டர் துரை இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். சிவசைலம் வளையை மடியில் செருகிக்கொண்டார். ஏன் செருகினார் என்று பின்னால் பல நாள் யோசித்துப் பல காரணம் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கணத்தில் இருந்த காரணம் ஒன்றுதான்: துரை பார்த்தால் பானை புதுசு என்பார், தன்னைப் பித்தலாட்டக்காரன் என்பார். முந்தின நாள் மந்திரவாதியாக நடித்தபோது இல்லாத தலையை எந்த மடியில் கட்டிக்கொண்டாரோ அதே மடி.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். முன்வண்டியை ஓட்டியது தாஜ் முகம்மது. பறம்புக்கு அக்கரையில் ஆற்றங்கரைத் தெருக்காரர். சிவசைலத்தோடு எட்டு வருஷப் பழக்கம். வண்டிக்குள் டாக்டர் துரை, மடியில் பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் அது. துரைக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு, சிவசைலம் விசாரித்தார்.

"தாஜ், பலவேசத்துக்கு இது எத்தனாவது?"

"வயித்துல இருக்கதா? ரெண்டாவது அண்ணாச்சி."

"மொதப் பிள்ள?"

தாஜ் முகம்மது மாட்டின் வாலைத் தொட்டு ஓட்டினார். "மூணு வருசத்துக்கு முன்ன காய்ச்சல்ல மவுத்தாப் போச்சு. ஆம்பளப் பிள்ள. நல்லா மொழுமொழுன்னு இருக்கும்."

"எங்க அடக்குனாங்க?"

"எனக்கு மாட்டப் பத்திக் கேளுங்க, சொல்லுதேன்."

"வாசப்படிக்குக் கீழதான வைப்பாங்க?"

"வாசப்படி சொந்தமா இருக்கவன்லா அண்ணாச்சி வாசப்படிக்குக் கீழ வைப்பான். அவன் குடிச பண்ணை நெலத்துல கெடந்துது. பிள்ள செத்த மாசம்தான் பண்ணையில எறக்கிவிட்டாவ. தூக்கிட்டுப் போறதுக்கு அடுப்புக்கல்லு இருந்துது, அத எடுத்துட்டுப் போனான். வாசப்படிய எடுத்துட்டுப் போவ முடியுமா?"

"அப்பம் எங்க வச்சான்?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு தலைய ஒளிக்கணும்னா ஆயிரம் தலை கெடக்குத எடந்தான் தோதுன்னு ஒருத்தனுக்குத் தோணியிருக்கலாம். மந்திரவாதி வந்தாலும் எதன்னு எடுப்பான்? அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லல."

சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. டாக்டர் துரை பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

கொற்கைவரைக்கும், கொற்கையிலிருந்து தூத்துக்குடிவரைக்கும், சிவசைலம் மனசுக்குள் இங்கிலீஷ் எழுதிக்கொண்டே போனார். 'ஐயா, ஒரு பெரிய தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தார். 'தவறு' என்றால் யார் தவறு என்று கேட்பாரே? அடித்துவிட்டு, 'ஐயா, ஒரு ஏழை ஸ்திரீ' என்று தொடங்கினார். முதலில் எழுதியது கொச்சை. இரண்டாவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி. மூன்றாவதில் வினைச்சொல் சரியில்லை. உப்பளம் கண்ணுக்குத் தெரிந்தபோது ஐந்து வாக்கியம், இலக்கணப் பிழையில்லாமல், மனப்பாடமாகத் தயாராகிவிட்டது. மெட்ரிகுலேஷனில் இப்படி எழுதியிருந்தால் தேறியிருப்பார்.

துறைமுகத்தில் படகு காத்திருந்தது. கப்பல் தூரத்தில் நின்றது. சிவசைலம் தொண்டையைக் கனைத்தார். டாக்டர் துரை சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதாசியை எடுத்து நீட்டினார். 'இதைக் கொண்டுவருபவர் பழம்பொருளில் அபார ஞானமுள்ளவர், நம்பத்தகுந்தவர், பானைகளின்மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"தாங்க் யூ சார்" என்றார் சிவசைலம்.

மனப்பாடம் செய்த ஐந்தும் அதோடு சரி. பெட்டி படகில் ஏறியது. அலையில் மேலே போய்க் கீழே போய்ச் சின்னதாகிக் காணாமல்போனது.

வீட்டுக்கு வந்தவரைப் பிரம்மநாயகி எப்போதும்போலக் கொல்லைப்புறமாகத்தான் விட்டாள். பறம்புக்குப் போய்வந்தால் கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் அடுக்களைப் பக்கம் வரலாம். பதினைந்து வாளி இறைத்துக் கொட்டிக்கொண்டார். ஈர வேட்டியோடு இலை முன்னால் உட்கார்ந்து, கருவளையைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக நடித்துக் காட்டவில்லை.

"எனக்குத் தெரியாமத்தான செஞ்சேன்? நாயகி, நான் செஞ்சது தப்பா?"

அவள் வளையைப் பார்த்தாள். அவளும் மூன்று பெற்று ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தவள்.

"ரசம் ஆறுது. பெசஞ்சு சாப்பிடுங்க" என்றாள்.

தை போயிற்று, மாசி போயிற்று. சீமையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அதே கப்பலில் போன கண்ணாடி துரைசானி எழுதியிருந்தாள். பிரயாணம் சுகம். டாக்டர் அந்தக் குழந்தை மண்டையோட்டைத் தம் வீட்டுக் கூடத்தில், கணப்பு அடுப்புக்கு மேலே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். வாசற்படி மந்திரவாதி கதையையும் டாக்டர் சொல்கிறார், ஆனால் உங்கள் அளவுக்கு வரவில்லை. இத்துடன் ஒரு படம்.

படத்தைச் சிவசைலம் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பொட்டல், உடைமரம், உலகம்மாள். அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் நீட்டும்படி. அவள் நீட்டவில்லை. இடதுகையை வளைத்து நெஞ்சோடு வைத்திருந்தாள். வலது உள்ளங்கை பிடரிக்குக் கீழே விரிந்திருந்தது. தலை நிற்காத பிள்ளையைத் தூக்கும்போது தாய்மார் கொடுக்கிற தாங்கல். அந்தப் பத்து எண்ணிக்கையும் அவள் அப்படித்தான் நின்றிருக்கிறாள். எண்ணியது இவர்.

மறுநாள் காலை தாஜ் முகம்மதுவின் வண்டியில் பறம்புக்குப் போனார். வழியெல்லாம் பிசான அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பலவேசம் ஒரு வயலில் கதிர் சுமந்துகொண்டிருந்தான். வரப்பில் நின்று கூப்பிட்டார். கட்டை இறக்காமல், கழுத்து நரம்பு புடைக்க, அப்படியே நின்றான்.

"ஏலே, அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்த எசமான்?"

"என்னத்தன்னு ஒனக்குத் தெரியாதா?"

"களத்துல தேடுவாக எசமான். வாரேன்." போய்விட்டான்.

வண்டியில் ஏறியதும் தாஜ் முகம்மது தாமாகவே சொன்னார். தூத்துக்குடி போய்வந்த ஏழாம் நாளே உலகம்மாளுக்கு வலி வந்துவிட்டது. மாசம் நிறையவில்லை. பிள்ளை பிறந்து ஒரு நாழிகைவரை அழவில்லை. அழுதபோது பூனைக்குட்டி முனகுவது மாதிரி இருந்தது. தலைச்சன் தலை கடல் தாண்டிப் போய்விட்டது, இனி இந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆகவே தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியது தாஜ் முகம்மதுவின் வீட்டுக்காரி மைதீன் பாத்திமா. பதினாறு வருஷமாகப் பிள்ளையில்லாதவள். ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய் உலகம்மாள் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தவிட்டுக்கு வாங்கினாலும் சாங்கியம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவாங்கல்லா?" என்றார் சிவசைலம்.

"அப்பிடித்தான் அண்ணாச்சி வழக்கம். பாத்திமாதான் குடுக்க மாட்டேங்கா. அவளும் வேண்டாங்கா."

"எவ?"

"பெத்தவதான். 'எங்கிட்ட வந்தா செத்துரும், நீங்களே வச்சுக்கிடுங்க'ங்கா. மூணு வேளையும் வந்து பால் மட்டும் குடுத்துட்டுப் போவா. பேரு சொல்லிக் கூப்பிடப்படாது, கொஞ்சப்படாது, முகத்த ஏறிட்டுப் பாக்கப்படாதுன்னு அவளுக்கு அவளே வச்சுக்கிட்டா. பாத்திமா பாத்துட்டு உள்ள போயி அழுவா."

ஆற்றங்கரைத் தெருவில் வண்டி நின்றது. பின்கட்டுக்குப் போக ஒரு சந்து. சந்து முனையில், நாலைந்து கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து உலகம்மாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் மாராப்பை இழுத்துவிட்டாள். பிள்ளையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது; கோழிக்கால்போல ஒல்லியாக. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மைதீன் பாத்திமா பிள்ளைவாளைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சிவசைலம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் இந்தத் தடவை தமிழில்தான் இருந்தன. ஆனாலும் வரவில்லை. மடியிலிருந்து கருவளையை எடுத்துக் குந்தி, அவளுக்கு எட்டுகிற மாதிரித் தரையில் வைத்தார். இந்தத் தடவை குந்துவதைப் பார்த்துச் சிரிக்க யாருமில்லை.

உலகம்மாள் வளையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் அதன் தோஷம் இந்தப் பிள்ளைமேல் படும்.

"கொண்டு போயிருங்க எசமான். ஆத்துல போட்டுருங்க."

"செய்யுதேன்" என்றார். போகாமல் அங்கேயே குந்தியிருந்தார். கோழிக்குஞ்சு ஒன்று வந்து வளையைக் கொத்திப் பார்த்தது. அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. பலவேசம் தரவில்லை, தாஜ் தரவில்லை, பெண்சாதி தரவில்லை. அந்த ஒரு வார்த்தையை இவளாவது சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம்.

"நான் கெட்டவன் இல்ல உலகம்மா. ஒனக்கே தெரியும். அன்னைக்கு அந்த எடத்துல வச்சு, இது எம் பிள்ளைன்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் தொட்டிருப்பனா?"

உலகம்மாள் பிள்ளையை மறுபக்கம் மாற்றினாள். மாற்றும்போது வலது உள்ளங்கை பிடரிக்குக் கீழே தானாக விரிந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிவசைலத்தின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சொல்லியிருந்தாலும் தோண்டியிருப்பீய எசமான். தோண்டிட்டு, நான் சொன்னதயும் இங்கிலீசுல சொல்லி அவங்களச் சிரிக்க வச்சிருப்பீய."